விடியற்காலையில் மட்டும் பேசாத பெட்டி

ஆயுத பூஜைக்குப் பட்டறையில் இருந்து கூப்பிட்டிருந்தார்கள். வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆன பிறகும் அந்த ஒரு நாளுக்கு மறக்காமல் ஆள் அனுப்பிவிடுவார்கள். சுண்டலை வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒன்று ஒரு சர்க்யூட் போர்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தது. அதன் ஓரத்தில் கட்டைவிரல் நகம் அகலத்துக்கு ஒரு துண்டு ஒட்டியிருந்தது.

"இதுதான் ஒயர்லெஸ்ஸு, பெரியம்மா. கடையில வாங்கி வச்சு ஒட்டினா சோலி முடிஞ்சது. உங்க காலத்துல இது கெடையாதாம்ல. அப்ப எப்படிச் செஞ்சீக?"

சொல்லலாம் என்று நிமிர்ந்தால் பட்டறைப் பிள்ளைகள் எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த வியாதி இன்றைக்கும் தீரவில்லை. "எழுதித் தாரேன்" என்று சொல்லிவிட்டு மிச்சச் சுண்டலைத் தின்றேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

எண்பதுகளில் வீட்டுக்கு வீடு டிவி வந்தபோது, டிவிக்குப் பக்கத்தில் வைக்கும் ஸ்டெபிலைசருக்கும் கிராக்கி வந்தது. ராஜாமணி சார் அருப்புக்கோட்டையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு அதைச் செய்ய ஆரம்பித்தார். டிப்ளமா படித்தவர். அவரும் நெசவு வீட்டுப் பிள்ளைதான். செம்புக்கம்பி சுற்றுவதற்குத் தறிக்கு நூல் சுற்றிப் பழகிய கைகள் வேண்டும் என்று எங்கள் தெருவில் வந்து கேட்டார். நானும் அடுத்த வீட்டுச் சரசுவும் போனோம். சரசு எனக்கும் சேர்த்துப் பேசுவாள், நான் அவளுக்கும் சேர்த்து வாயை மூடிக்கொண்டிருப்பேன். கம்பி சுற்றினோம், ஈயம் வைக்கக் கற்றோம், கையைச் சுட்டுக்கொண்டோம். கற்ற கதை அவ்வளவுதான்.

சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களை ஒருநாளும் 'நீ' என்று சொன்னதில்லை. "சரசும்மா, அதை எடுங்க", "பாக்கியம்மா, இதைப் பாருங்க" என்பார். ஆனால் போர்டுகளிடம் மட்டும் "ஏலே" போட்டுத்தான் பேசுவார். "ஏலே, காலைல நல்லாத்தானலே இருந்த? இப்ப என்னலே கொள்ளை?" என்று மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு விசாரிப்பார். புதிதாக வருகிறவர்கள், யாரைத் திட்டுகிறார் என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

அவருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. 'வேலை செய்யல' என்று யாரும் சொல்லக்கூடாது.

"வேலை செய்யலேன்னா எனக்கு என்னம்மா தெரியும்? அது என்ன செய்யுது, அதைச் சொல்லுங்க. லைட்டு எரியுதா, மினுக்குதா, சத்தம் போடுதா, சூடாகுதா? சும்மா கெடந்தாக்கூட எப்படிக் கெடக்குதுன்னு சொல்லுங்க."

பிறகு ஸ்டெபிலைசர் வியாபாரம் படுத்தது. சார் கிணற்று மோட்டாருக்குப் பெட்டி செய்ய இறங்கினார். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும் பெட்டி. அது நன்றாகவே போனது. ஆனால் திருச்சுழிப் பக்கம் அது செல்லாது. அங்கே கிணற்றில் ஊறுகிற தண்ணீரே கொஞ்சம். கரண்ட் வந்ததும் தானாக ஓடி, தண்ணீர் வற்றின பிறகும் தானாக ஓடினால் மோட்டார் கருகிவிடும். அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு வேண்டிய நேரத்தில் போடவும் வேண்டும், நிறுத்தவும் வேண்டும்.

அப்படித்தான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலம்மாள் அக்கா பட்டறைக்கு வந்தார்கள். திருச்சுழிக்கு அந்தப் பக்கம் மிளகாய் போட்டிருக்கும் சம்சாரி வீடு. விவசாயியை எங்கள் பக்கம் சம்சாரி என்போம். வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டார்கள்.

"வீட்டுல இருந்துகிட்டே மோட்டாரைப் போட, அமத்த ஏதாச்சும் வழியிருக்கா சாமி? எங்க வீட்டுக்காரவுக வண்டி கவுந்து இடுப்பு போயிருச்சு. கட்டில்ல கெடக்காக. அவுகளைப் பாப்பேனா, கிணத்துக்கு ஓடுவேனா? ரெண்டு காடு தாண்டிக் கெடக்கு கிணறு."

"ஒயர் இழுக்கலாம்லம்மா?"

"நடுவுல கெடக்குறது அடுத்தவுக நெலம். ஏர் ஓட்டுவாக, ஆடு அடைப்பாக. ஒயரு நிக்குமா?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியைத் துடைத்தால் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று எங்களுக்குத் தெரியும்.

"டிவிக்கு ரிமோட்டு இருக்குல்ல, அது மாதிரி செஞ்சுருவோம்" என்றார்.

அது மாதிரி இல்லை என்பது மறுநாளே தெரிந்தது. டிவி ரிமோட்டின் வெளிச்சம் அறையைத் தாண்டாது. இது ரேடியோ மாதிரி காற்றில் போக வேண்டும். வீட்டில் பொத்தானை அமுக்கினால் அனுப்புகிற சின்னப் பெட்டி ஒன்று. கிணற்றடியில் அதைக் கேட்டு மோட்டாரைப் போடுகிற பெரிய பெட்டி ஒன்று. பெரிய பெட்டியின் போர்டு நாங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததுதான். அதில் ஒயர்லெஸ்ஸுக்கு இடம் கண்டுபிடிப்பதுதான் பாடு. ஏற்கெனவே நெருக்கியடித்துக் குடியிருக்கும் வீட்டில் புது மருமகளுக்கு அறை ஒதுக்குவது மாதிரி.

அந்த நாளில் போர்டை நாங்களேதான் செய்வோம். செம்புத் தகடு ஒட்டிய அட்டையில் சார் பெயிண்ட் தொட்டுக் கோடு கோடாக வரைவார். அதைப் புளிக்கரைசல் நிறத்தில் இருக்கும் ஒரு மருந்தில் போட்டு ஆட்டினால், கோடு வரைந்த இடம் நிற்கும், மற்ற செம்பெல்லாம் கரைந்துவிடும். என் சேலை முழுக்க அந்த மருந்தின் கறை. அப்படி ஒயர்லெஸ் சேர்த்து முதல் போர்டு செய்து பொத்தானை அமுக்கினோம். டக்கென்று மோட்டார் ஓடியது. கைதட்டுவதற்குள் தானாக நின்றது. மறுபடி ஓடியது. நின்றது.

"என்ன செய்யுது?" என்றார் சார்.

"குடுக்குது, புடுங்குது சார்" என்றாள் சரசு.

மோட்டாரைப் போடும் சுவிட்ச் விழும்போது பொறி தட்டும். அந்தப் பொறியின் இரைச்சல் பக்கத்தில் இருந்த ஒயர்லெஸ்ஸின் காதில் விழ, இதுவும் ஏதோ உத்தரவு என்று அது நினைத்துக்கொண்டது. மாமியார் போடுகிற சத்தத்தில் மருமகளுக்குப் புருஷன் சொன்னது கேட்கவில்லை. சார் மறுபடி வரைந்தார். ஒயர்லெஸ்ஸை எதிர் மூலைக்குத் தள்ளி, நடுவில் எண்ணெய் டின்னை வெட்டி ஒரு தட்டி வைத்தோம். குடும்பம் அமைதியாயிற்று.

அடுத்து இரும்புப் பெட்டி. எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடினால் ஒன்றும் கேட்கவில்லை. பிளாஸ்டிக் பெட்டி என்றால் சம்சாரி யாரும் வாங்கமாட்டார். "டிபன் டப்பாவுலயா மோட்டாரு ஓடும்?" என்பார்கள். அதனால் இரும்பில் ஓட்டை போட்டு ரப்பர் வைத்து, ஏரியல் கம்பியை வெளியே நீட்டினோம்.

எவ்வளவு தூரம் கேட்கிறது என்று பார்க்க வேண்டுமே! சார் தன் வீட்டு மொட்டை மாடியில் நின்று பொத்தானை அமுக்குவார். பல்பு மாட்டிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் தெருவில் நடக்க வேண்டும். பல்பு எரியாத இடத்தில் நின்று கையைத் தூக்க வேண்டும். ஏரியல் நீட்டிய பெட்டியைச் சீர்த்தட்டு மாதிரி மாராப்பில் அணைத்துக்கொண்டு, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு போனேன். பூக்காரம்மா விடவில்லை.

"ஏய் பாக்கியம், ரேடியோவுக்குப் போத்தியா விடுற? குளிருதாமா அதுக்கு?"

பல்பு எரியாத இடம் சீக்கிரம் வரக்கூடாதா என்று இருந்தது. வரவே இல்லை. பருத்தி மில்லைத் தாண்டியும் எரிந்தது. வெட்கத்தில் செத்தேன். சாருக்கு ஒரே கொண்டாட்டம்.

இதற்கெல்லாம் உயிர் 'காயில்' என்கிற ஒரு சின்னக் கம்பிச் சுருள். சுண்டுவிரல் நுனி அளவு வரும். அது என் வேலை. மெல்லிய செம்புக்கம்பியைப் பேனா ரீஃபில் மீது சுற்றி உருவ வேண்டும். இரண்டு நுனியிலும் பிளேடால் சுரண்டி, ஈயம் வைத்து போர்டில் நிறுத்த வேண்டும். பிறகு மூங்கில் குச்சியால் சுற்றுகளை மயிரிழை மயிரிழையாக விலக்க வேண்டும். இரும்பு பட்டால் கணக்குக் கெட்டுவிடும், அதனால் மூங்கில். விலக்கிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் மீட்டர் முள் துள்ளி நிற்கும். அந்த இடத்தில்தான் பொத்தான் பெட்டியின் குரல் இதற்குக் கேட்கும். சுற்று அசைந்தால் காது அடைத்துவிடும். அதனால் அசையாமல் இருக்க ஒரு சொட்டுப் பசை வைத்துக் காயவிடுவோம்.

என்ன பசை? எங்கள் தெருவில் பாவுக்குப் போடுகிற கஞ்சிதான். தறிக்கு ஏற்றும் முன் நூல் விறைப்பாக நிற்பதற்கு வீட்டுக்கு வீடு காய்ச்சுவது. கொட்டாங்குச்சியில் கொண்டுவருவோம். சார் விரலில் தொட்டுப் பார்த்து, "கல்லு மாதிரி நிக்குதே! வார்னீஷுக்கு மதுரைக்கு ஏன் போகணும்?" என்றார். அருப்புக்கோட்டைக் காயிலுக்கு அருப்புக்கோட்டைக் கஞ்சி.

ஆவணியில் வேலம்மாள் அக்கா வீட்டில் மாட்டினோம். கிணற்றடிக் கம்பத்தின் உச்சியில் ஒரு பல்பும் வைத்தோம், மோட்டார் ஓடினால் எரியும்படி. நடுவில் மரமோ வீடோ கிடையாது. கட்டிலில் இருந்து பார்த்தாலே பல்பு தெரியும். அவர்கள் வீட்டுக்காரர் சோலையப்பன் அண்ணாச்சி பொத்தானை அமுக்கி, பல்பு எரிந்ததைப் பார்த்து, அணைத்து, மறுபடி எரியவிட்டார். இடுப்பு விழுந்த நாள் முதல் அவர் செய்த முதல் விவசாய வேலை. வாய்க்காலில் தண்ணீர் மெலிந்தால் கட்டிலில் கிடந்தபடி அவரே நிறுத்துவார். அதைப் பார்த்து இன்னும் சிலர் பெட்டி கேட்டார்கள். பட்டறையில் ஒயர்லெஸ் என்றால் எல்லாருக்கும் ஒரு மிதப்பு.

மார்கழி பிறந்தது. வேலம்மாள் அக்கா பஸ் ஏறி வந்து வாசலில் நின்றார்கள்.

"சாமி, பொட்டி வேலை செய்யல."

சார் வாயைத் திறப்பதற்குள் சரசு முந்திக்கொண்டாள். "என்ன செய்யுதுன்னு சொல்லுங்க மதினி."

"என்ன செய்யுது? விடியக்காலம் கரண்டு வருது. அவுக அமுக்குறாக. பல்பு எரியல. காப்பியை ஊத்தி வச்சுட்டு நான் கிணத்துக்கு ஓடி, கையால போட்டுட்டு வாரேன். திரும்பி வந்தா காப்பி பச்சத்தண்ணி. பத்து மணிக்கு மேல அவுக அமுக்குனா நல்லா எரியுது. அப்ப யாருக்கு வேணும்?"

சார் போனார். மத்தியான பஸ்ஸில் போய்ச் சேர்ந்து அமுக்கிப் பார்த்தார். பல்பு எரிந்தது. பத்துத் தடவை அமுக்கினார், பத்துத் தடவையும் எரிந்தது. அடுத்த வாரமும் போனார். அதே கதை. திரும்பி வந்து துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"டாக்டரைக் கண்டா எந்திரிச்சு உக்காந்துக்கிடுற நோயாளி மாதிரி இருக்கு. நான் போனா நல்ல புள்ளையா நடிக்குது."

அதோடு இன்னொன்றும் சொன்னார். அப்போது குரல் இறங்கிவிட்டது. "சோலையப்பன் மூஞ்சியே சரியில்லம்மா. தை பொறந்தா பருப்புக்கடைக்காரர் நிலத்தைக் குத்தகைக்குப் பேச வாராராம். பொட்டி சரியா ஓடலேன்னா இவரு குடுத்துருவாராம். 'என் பொண்டாட்டி பனியில ஓடி ஓடிச் சாகுறதைக் கட்டில்ல கெடந்து பாக்க முடியாது சார்'ங்கிறாரு."

விடியற்காலையில் ஆள் அங்கே இருக்க வேண்டும். முதல் பஸ் போய்ச் சேருவதற்குள் வெயில் வந்துவிடும். ராத்தங்கலாம் என்றால் ஒற்றை அறை வீடு. நடக்க முடியாத மனிதரும் அவர் மனைவியும் இருக்கிற வீட்டில் வெளி ஆம்பிளை எங்கே படுப்பது? சார் எங்கள் இருவரையும் பார்த்தார். சரசுவுக்குக் கைக்குழந்தை. நான் மூங்கில் குச்சியை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாக்கியம்மா, நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். பாத்துட்டு வந்தாப் போதும்."

வீட்டில் கேட்டேன். என் வீட்டுக்காரர் தறியில் இருந்து தலையை நிமிர்த்தாமலே, "டார்ச்சை எடுத்துக்க" என்றார். சாயங்கால பஸ் ஏறினேன்.

விடியற்காலையில் பனி அப்படிப் பெய்தது. அந்த வருஷம் ஐப்பசி மழையும் ஏமாற்றிவிட்டது. ஆறு மாதம் சொட்டு மழை பார்க்காத காடு, மார்கழிப் பனியில் மட்டும் தலைகுளித்த மாதிரி நின்றது. பக்கத்துக் கிணற்று மோட்டார்கள் உறுமின. கரண்ட் வந்துவிட்டது. அக்கா அப்போதுதான் காப்பியை ஊற்றினார்கள். அண்ணாச்சி அமுக்கினார். கம்பத்து உச்சியில் இருட்டு. மறுபடி அமுக்கினார். இருட்டு.

"பாத்தியா தாயி" என்றார். பெட்டியின் மேல் கோபமில்லை. அதுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது.

காப்பியை மூடி வைத்துவிட்டு அக்கா லாந்தரைத் தூக்கினார்கள். இரண்டு பேரும் ஓடினோம். பனியில் பாதம் மரத்துப்போயிற்று. பெட்டியின் இரும்பு ஐஸ் மாதிரி இருந்தது. மூடியைத் திறந்தால் உள்பக்கமெல்லாம் வேர்த்த மாதிரி பொடிப் பொடியாக நீர். டார்ச் அடித்துப் பார்த்தேன். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது.

"சரியாத் தெரியலயா? இந்தா" என்று அக்கா லாந்தரைப் பெட்டிக்குள் முட்டுகிற மாதிரி பிடித்தார்கள். பிடித்துக்கொண்டே அவர்கள் கதையைச் சொன்னார்கள். எனக்குக் கேட்கத்தான் தெரியும், கேட்டுக்கொண்டிருந்தேன். "அவுக அமுக்கிக்கிட்டேதான் இருப்பாக, பாரு. நான் போய்ச் சேர்ற வரைக்கும் விடமாட்டாக. எம்மேல இருக்குற இரக்கம்..."

டக்.

சுவிட்ச் விழுந்தது. மோட்டார் உறுமியது. தலைக்கு மேலே பல்பு எரிந்தது. அக்கா, "யாத்தே!" என்று பின்வாங்கினார்கள். நாங்கள் இருவருமே ஒன்றையும் தொடவில்லை. தூரத்தில் வீட்டில் இருந்து அண்ணாச்சி கத்துகிற சத்தம் கேட்டது.

"அக்கா, லாந்தரைத் தள்ளி வைங்க" என்றேன். மோட்டாரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். பெட்டி மறுபடி குளிர்ந்தது. அண்ணாச்சி இன்னும் அமுக்கிக்கொண்டுதான் இருந்திருப்பார். ஒன்றும் ஓடவில்லை. "இப்ப கிட்ட கொண்டு வாங்க." கொஞ்ச நேரத்தில், டக்.

அந்தக் காலைப் பஸ்ஸில் ஊர் திரும்புகிற வரை சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பட்டறைக்குள் நுழைந்ததும் நின்றபடியே ஒப்பித்தேன். "பனியில கேக்கல சார். லாந்தரைக் கிட்ட புடிச்சா கேக்குது. தள்ளி வச்சா கேக்கல. திருப்பிப் புடிச்சா கேக்குது." சரசு வாயைப் பிளந்தாள். நான் அவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, அப்படியே கையில் வைத்துக்கொண்டார். பிறகு அவருக்கு வந்த டீயைக் குடிக்காமல், சரசுவைப் பொத்தானை அமுக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பல்பு மாட்டிய ஒரு போர்டை எடுத்து அந்த ஆவியின் மேல் பிடித்தார். ஒவ்வொரு மூலையாக நகர்த்தினார். காயில் ஆவிக்கு நேரே வந்ததும் பல்பு அணைந்தது. மேஜை விளக்கின் கீழ் காட்டினார். எரிந்தது. மறுபடி டீக்கு மேலே. அணைந்தது.

"ஏலே, உனக்குச் சளி புடிச்சிருக்காலே!" என்று போர்டைப் பார்த்துச் சத்தம் போட்டுச் சிரித்தார்.

காயிலை விரலால் தொட்டார். கல் மாதிரி நின்ற கஞ்சி பிசுபிசுவென்று ஒட்டியது.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பனிக்காலத்தில் கஞ்சி போட்ட பாவு ஈரம் வாங்கும், நூல் தொய்யும், அன்றைக்குத் தறி ஓட்டுவது பெரும்பாடு. இது எங்கள் தெருவில் நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும். மூன்று பேரும் தறிச் சத்தத்தில் பிறந்தவர்கள். தறிக்குத் தெரிந்ததைப் பெட்டிக்கு ஒருவரும் யோசிக்கவில்லை. ஆவணியில் மாட்டினோம், வெயில் காய்ந்தது, கல் மாதிரி நின்றது. இந்தக் காட்டில் ஈரம் என்று ஒன்று வரும் என்ற ஞாபகமே யாருக்கும் இல்லை.

"எங்க அம்மா கேட்டா சிரிப்பாக" என்றார் சார். "எலக்ட்ரானிக்ஸுக்கும் கஞ்சி போட்டியாடான்னு."

மெழுகு வைப்போம் என்று மெழுகுவர்த்தியை உருக்கிச் சொட்டினோம். ஆவிக்கு அசையவில்லை. சரசு, "பனியைத் தாங்கும், சித்திரை வெயிலைத் தாங்குமா?" என்றாள். அதுவும் நியாயம்தான் என்று பெட்டியோடு மத்தியானம் மொட்டை மாடியில் வைத்து, கீழே அடுப்புத் தணலும் போட்டுப் பார்த்தோம். மெழுகு வழிந்து ஓடிவிட்டது. பிறகு நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகு வாங்கி, கொஞ்சம் குங்கிலியம் பொடித்துச் சேர்த்து உருக்கினோம். அது இரண்டுக்கும் நின்றது. மெழுகு ஏறினால் முள் கொஞ்சம் நகரும் என்பதால், இளஞ்சூட்டிலேயே மூங்கில் குச்சியால் மறுபடி சரிசெய்ய வேண்டும். பட்டறை முழுக்கக் கோயில் வாசனை. விற்ற பெட்டிகளையெல்லாம் திரும்ப வாங்கி, ஒவ்வொன்றாகக் கஞ்சியைச் சுரண்டி மெழுகு வைத்தோம்.

முதல் போர்டு வேலம்மாள் அக்காவுக்கு. பொங்கல் நெருங்கிவிட்டது. இந்தத் தடவை சார் கேட்பதற்கு முன்னால் நானே டார்ச்சை எடுத்துவைத்துவிட்டேன். சாயங்காலமே போய் மாட்டினேன். ராத்திரி தூக்கமில்லை. அண்ணாச்சியும் தூங்கவில்லை, கட்டில் கிரீச்சென்று அடிக்கடி சொல்லியது.

விடிந்தது. போன தடவையைவிட அடர்ந்த பனி. முற்றத்து முருங்கையே மங்கலாகத்தான் தெரிந்தது. பக்கத்துக் கிணறுகள் உறுமின. அக்கா பழக்கத்தில் காப்பியை ஊற்றிவிட்டு லாந்தரைத் தூக்கிவிட்டார்கள்.

"கொஞ்சம் நில்லு வேலம்மா" என்றார் அண்ணாச்சி. அமுக்கினார்.

பனிக்குள் எங்கேயோ, மஞ்சள் பூசின மாதிரி ஒரு வெளிச்சம் கலங்கித் தெரிந்தது. அணைத்தார். போயிற்று. அமுக்கினார். வந்தது. அணைத்தார்.

"ஏங்க, வெளையாட்டா! மோட்டாரு புகைஞ்சுறப் போகுது!"

"இரு, இன்னொருக்கா." அவர் சிரிப்பது முதல் தடவையாகக் கேட்டது. கடைசியாக ஒருதரம் அமுக்கி, பொத்தானை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். "பருப்புக்கடைக்காரருக்கு ஆள் சொல்லி விட்டுரு. வர வேண்டாம்னு."

அக்கா லாந்தரைக் கீழே வைத்தார்கள். லாந்தர் திரியை இறக்கி ஊதி அணைத்தார்கள். கட்டில் காலடியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தம்ளரைக் கையில் எடுத்து வாயில் வைத்தவர்கள், சட்டென்று எடுத்துவிட்டார்கள்.

"யாத்தே, நாக்கைச் சுட்டுருச்சு" என்றார்கள். சொல்லிவிட்டு, ஊதி ஊதி, கடைசிச் சொட்டு வரை குடித்தார்கள்.